ஆணிக்கும் கத்தும், பவுணுக்கும் கத்தும்

குலசிங்கத்தார் இருந்த இடத்தில் இருக்கிற மனுசன் இல்லை. கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் மேசையைத் தட்டும். கோயிலில் பூசை முடியமுதலே வாசலில் நின்று சப்பாத்தைத் தேடுவார். செத்தவீட்டுக்குப் போனாலும் பெட்டி மூடமுதல் காரை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார். "உங்கட மனுசனுக்குக் காலில சில்லுப் பூட்டியிருக்கோ?" என்று ஸ்காபரோவில் கேட்காத சனம் இல்லை. மனைவி பேபி அதற்குச் சிரித்துவிட்டுப் போவார். இத்தனை வருசமும் அந்தச் சில்லோடு குடித்தனம் நடத்தியவர் அவர்தானே.

அந்தச் சக்கரச் சில்லு சும்மா பூட்டப்படவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீடொன்றில் ஒரு பட்டாளத்தோடு படுத்தெழும்பியவர். ஒருவன் எழும்பினால்தான் மற்றவன் படுக்கலாம் என்ற காலம் அது. பகலில் கோப்பை கழுவல், விடியற்காலையில் பேப்பர் போடுதல். பிறகு கார் உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அதிலேயே தலைமயிர் நரைத்தது. அந்தத் தொழிற்சாலையைப் பூட்டிய நாளில் மற்றவர்கள் சம்பளத்தை நினைத்துக் கலங்கினார்கள். குலசிங்கத்தாருக்கு நாளைக்குக் காலையில் எங்கே போவது என்றுதான் நெஞ்சு பதறியது.

அதற்குப் பிறகு அவர் தொட்டுக் கைவிடாத பொழுதுபோக்கு இல்லை. முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடப் போனார். எதிராளி சீட்டைப் போடும்வரை பொறுக்கமாட்டாமல் அவன் கையைப் பிடித்து இழுத்ததில் சண்டை வந்தது. மீன்பிடிக்கப் போனார், மீன் கடிக்கமுதல் தூண்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே அன்றைய பொழுது போனது. ஒருநாள் ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு, நீளத்தடி ஒன்றின் நுனியில் இருந்த வட்டத்தட்டை மணலுக்கு மேலே இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு நடப்பதைக் கண்டார். மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைத் தேடுகிற மெஷின். நடந்துகொண்டே செய்கிற வேலை என்று ஒன்று இருக்கிறதே என்று குலசிங்கத்தாருக்குக் கண் கலங்காத குறை. அந்தக் கிழமையே ஒன்று வாங்கிவிட்டார்.

சனம் விடுமா? "என்ன அண்ணை, கண்ணிவெடி எடுக்கிறியளோ?" என்று மரக்கறிக் கடையில் கேட்டார்கள். "கொழும்பில ஆமிக் காம்புக்கு முன்னால காவல் நிண்டவன் மாதிரி நிக்கிறியள்" என்றார்கள். அவர் காதில் போடவில்லை. இவ்வளவு காலத்தில் ஒரு வெள்ளி மோதிரம், ஒருகை நிறையச் சில்லறை, எண்ணமுடியாத போத்தல் மூடிகள் என்பதுதான் அறுவடை. ஆனால் இரவில் படுத்தவுடன் நித்திரை வந்தது. பேபிக்கு அது போதும்.

அவரோடு கூட வருகிறவர் லெஸ்லி. பாசையூர்க்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், எதற்கும் அவசரப்படாதவர். இவர்கள் இருவருக்கும் தீராத சண்டை ஒன்று இருந்தது. லெஸ்லியின் இடுப்பில் கரட் கிழங்கு மாதிரி செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குச்சி தொங்கும். பின்பொயின்டர் என்பது அதற்குப் பெயர். பெரிய மெஷின் 'இந்த இடத்தில் எங்கேயோ' என்று மட்டும் சொல்லும். மண்ணுக்குள் குத்தினால் இந்தக் குச்சி சாமானுக்குக் கிட்டப் போகப் போக நடுங்கிக் கத்தும்.

"உது சோம்பேறியளின்ர சாமான்" என்பார் குலசிங்கத்தார்.

"ஒரு சதக்குத்திக் காசு எடுக்க நீர் கிணறு வெட்டுறீர். நான் ஒரு கரண்டி மண்ணோட எடுக்கிறன். ஆர் சோம்பேறி?"

"உதுக்கு ஏதாவது புத்தி இருக்கே? ஆணிக்கும் கத்தும், பவுணுக்கும் கத்தும். என்ர மெஷின் இரும்பெண்டால் வாய் திறவாது. அப்பிடித்தான் நான் வச்சிருக்கிறன். குப்பையைக் கேட்டுக்கொண்டு நிக்க எனக்கு நேரமில்லை."

"உமக்கு என்ன நேரமில்லை? வேலையே இல்லாத மனுசன்" என்று லெஸ்லி சிரிப்பார்.

இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்த பேபி, லெஸ்லியிடமே விசாரித்து, தன் மனுசனின் பிறந்தநாளுக்கு அதே மாதிரிக் குச்சி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். குலசிங்கத்தார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விளையாட்டுச் சாமான்" என்று சொல்லிக் காரின் பின்பெட்டிக்குள், பனி தள்ளுகிற தும்புத்தடிக்குக் கீழே எறிந்தார். பேபியின் முகம் சுருங்கியது. அதை அவர் காணவில்லை. அவர் ஏற்கெனவே வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு நின்றார்.

மே மாதத்து நீண்ட வாரவிடுமுறை முடிந்த கிழமை ஒரு பின்னேரம் பேபியின் கைத்தொலைபேசி அடித்தது. பேபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். வெளியே வரும்போது முகம் வெளிறியிருந்தது.

"எங்கட நிரோ" என்றார்.

நிரோஷினி பேபியின் தமையன் மகள். விட்பியில் புதிதாகக் கட்டிய வீட்டுத் தெரு ஒன்றில், புருசன் கஜீவனோடு இருக்கிறாள். கஜீவனுக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுது. வருகிற செவ்வாய்க்கிழமை நெஞ்சைத் திறந்து மாற்றுவதாக இருந்தது. துணைக்கென்று கஜீவனின் தாய் மங்கையற்கரசி வந்து நிற்கிறார்.

"தாலியைத் துலைச்சுப்போட்டாளாம்."

குலசிங்கத்தாரின் கால் ஆட்டம் நின்றது.

விடுமுறைத் திங்களன்று நிரோ பின்வளவில் பாத்தி கட்டிக் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் நட்டிருக்கிறாள். கலியாணத்துப் பெரிய தாலிக்கொடி வங்கியில். அன்றாடத்துக்கு மெல்லிய சங்கிலி ஒன்றில்தான் தாலியைக் கோத்துப் போட்டிருந்தாள். இரவு குளிக்கப் போனபோது கழுத்து வெறுமையாக இருந்தது. வீடு முழுக்கத் தேடிவிட்டாள். குளியலறைக் குழாயைக் கூடக் கழற்றிப் பார்த்துவிட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

"புதுசு ஒண்டு செய்விச்சுப் போட்டால்?" என்று கேட்டுவிட்டு, கேட்டது பிழை என்று குலசிங்கத்தாருக்கே விளங்கியது.

"தாலிக்குப் பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டிலயெல்லே நடந்தது. தன்ர பவுணை அந்த மாமிக்காரிதான் தட்டில வச்சுக் குடுத்து உருக்கினது. அதின்ர ஒவ்வொரு மூலையும் அவவுக்குத் தெரியும்" என்றார் பேபி. "செவ்வாய்க்கிழமை அந்தப் பெடியன்ர நெஞ்சைத் திறக்கப் போறாங்கள். அதுக்கு முந்தித் தாலி துலைஞ்சதெண்டு தெரிஞ்சால் என்ன நடக்கும் சொல்லுங்கோ. அவன் நல்லா எழும்பினாலும் சொல்லிக் காட்டுவினம். எழும்பாட்டில் அவளை உயிரோட கொல்லுவினம்."

குலசிங்கத்தார் எழும்பினார். "நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"சனிக்கிழமைக்குப் போங்கோ. இப்ப ஓடினால் மாமிக்காரிக்குச் சந்தேகம் வரும்."

அந்த இரண்டு நாளும் பேபிதான் பாடுபட்டார். மனுசன் மெஷினைத் துடைத்தார், திருப்பித் துடைத்தார். வீட்டுக்கு முன்னால் புல்லில் தன்னுடைய மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேடிப் பழகினார். அந்த மோதிரமே தொலைந்துபோகப் பார்த்தது.

சனிக்கிழமை காலை விட்பிக்குப் போய் இறங்கியபோது நிரோஷினி கதவைத் திறந்தாள். வெயில் எறித்துக்கொண்டிருந்தது, பிள்ளை கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டியிருந்தாள். சளியாம். சமையலறையில் மங்கையற்கரசி அவளுக்குக் கொத்தமல்லி அவித்துக்கொண்டு நின்றார். நாலைந்து நாளாக இதே கசாயம்தான் என்று கஜீவன் சோபாவில் சாய்ந்தபடி மெல்லச் சிரித்தான்.

"கார்த் திறப்பு ஒண்டு துலைஞ்சுபோச்சு மாமா. பின்வளவிலதான் விழுந்திருக்கவேணும்" என்று நிரோ உரத்துச் சொன்னாள். அந்தச் சாவிக் கதை மாமியின் காதுக்கு; அவளுடைய கண் வேறு கதை சொன்னது. அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் குலசிங்கத்தார் பின்கதவால் இறங்கிப் போனார்.

இரும்பை ஒதுக்காமல் மெஷினைப் போட்டவுடன் வளவு முழுக்க உறுமியது. புதுவீடு கட்டினவர்கள் ஆணியையும் கம்பித்துண்டையும் கொட்டி அதற்கு மேலே ஒரு சாண் மண்ணைப் போட்டுப் புல் விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். இது சரிவராது என்று இரும்புச் சத்தத்தை நிறுத்தினார். பவுணுக்கு மட்டும் சொல்லு என்று மெஷினிடம் வாய்விட்டே சொன்னார். புல்லில் தேடினார், பாத்தி ஓரமெல்லாம் தேடினார். பால்பெட்டியின் வெள்ளித்தாள், சோடாப் பேணியின் வளையம். பவுண் இல்லை. தக்காளிக்கு வைத்திருந்த கம்பிக்கூட்டுக்குக் கிட்டப் போனால் மெஷினுக்குப் பைத்தியம் பிடித்தது. சமையலறை யன்னலில் மங்கையற்கரசியின் முகம் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த முகத்தைக் காணும்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்துகொண்டார். பொழுது சாயும்வரை நடந்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"அங்க இல்லைப் பிள்ளை" என்று வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார். நிரோ தலையை ஆட்டினாள். கம்பளித் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது அவர் அழுதார். தனக்குத் தெரிந்த ஒரே ஒரு வேலை, அதுவும் ஒருவருக்கும் உதவாமல் போயிற்றே என்று அழுதார்.

ஞாயிறு காலை வீட்டில் நிற்கமுடியாமல் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று இழுபட்டுத் தெறித்தது. "நில்லுங்கோ" என்ற பேபி, கண்ணாடியைப் பார்க்காமல், கதையை நிறுத்தாமல், கையைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தாலிச்சங்கிலியில் கொளுவியிருந்த சட்டைப்பின் ஊக்கு ஒன்றைக் கழற்றி அவர் சட்டையில் குத்திவிட்டார். இந்தக் காட்சியை அவர் கலியாணம் கட்டிய நாள் முதல் கண்டிருக்கிறார். ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை.

"உதென்ன?"

"என்னது?"

"உந்தப் பின். தாலியில எத்தினை கொளுவி வச்சிருக்கிறீர்?"

பேபி குனிந்து பார்த்தார். "இருக்கும் ஒரு கொத்து. சேலைக்குக் குத்த, அவசரத்துக்கு."

"நிரோவும் கொளுவுறவளோ?"

"ஆர்தான் கொளுவாமல் விட்டது? அவள் ஒரு பெட்டிப் பின்னையும் கழுத்திலதான் வச்சிருப்பாள்."

குலசிங்கத்தார் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் குந்திவிட்டார். சட்டைப்பின் என்றால் இரும்பு. மெல்லிய சங்கிலியை மெஷின் மதிக்கவே மதிக்காது. தாலியோடு ஒட்டிக்கொண்டு ஒரு கொத்து இரும்பு கிடந்தால் ஆணி என்றுதான் நினைக்கும். ஆணி என்றால் வாய் திறக்காதே என்று கட்டளை போட்டவர் வேறு யாருமில்லை. அந்த இடத்துக்கு மேலாலேயே அவர் எத்தனை தரம் நடந்தாரோ.

லெஸ்லியைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டார். இரும்பைக் கேட்கவிட்டால் வளவு முழுக்கக் கத்துகிறதே, நட்ட கன்றுகளைப் பிடுங்கி எறிந்து கிண்டவும் முடியாதே, மாமிக்காரி யன்னலில் நிற்கிறாவே என்றார்.

"உம்மட மனுசி ஒரு புத்தியில்லாத சாமான் வாங்கித் தந்தவவெல்லே" என்றார் லெஸ்லி. "கன்றுக்கு நடுவில குத்திப் பாரும். கிட்டத்தில கிடக்கிறதை மட்டும்தான் சொல்லும். கம்பிக்கூடு பக்கத்தில நிண்டாலும் பயமில்லை. என்னத்துக்குக் கத்தினாலும் பாரும்; ஆணியெண்டாலும் பாரும்."

குலசிங்கத்தார் கார்ப் பின்பெட்டியைத் திறந்து தும்புத்தடிக்குக் கீழே கிடந்த பெட்டியை எடுத்துப் பிரித்தார். பேபி பக்கத்தில் வந்து நின்றார். "நீரும் வாரும்" என்றார் அவர்.

விட்பியில் பேபி சமையலறையில் நிரோவோடு நின்றுகொள்ள, குலசிங்கத்தார் பாத்திக்குள் முழங்காலில் இறங்கினார். இருந்த இடத்தில் இருக்காத மனுசன் கன்றுக்குக் கன்று தவண்டார். குச்சியைக் குத்துவார், அது நடுங்கினால் விரலால் மண்ணைத் தட்டுவார், ஆணி. அதை எறிந்துவிட்டு அடுத்தது. கம்பித்துண்டு. மற்றொரு ஆணி. முழங்கால் நொந்தது, முதுகு நொந்தது, எழும்பி ஓடு என்று கால் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

பின்கதவு திறந்தது. மங்கையற்கரசி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பாத்தி ஓரத்தில் போட்டு அமர்ந்தார்.

"திறப்பு இன்னும் கிடைக்கேல்லையோ தம்பி?"

"இல்லை அக்கா. வெயிலுக்க என்னத்துக்கு இருக்கிறியள். உள்ள போங்கோவன்."

"பரவாயில்லை." அவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கடைசிக் கத்தரியடியில பாத்தனீங்களோ? அண்டைக்கு அவள் அதிலதான் கனநேரம் குனிஞ்சு நிண்டவள்."

கார்த் திறப்பைத் தேடக் கடைசிக் கத்தரியடிக்கு ஏன் போகவேண்டும் என்று யோசிக்க இவருக்கு மூளை ஓடவில்லை. தவண்டு போனார். கம்பிக்கூட்டுக்கும் கத்தரிக்கன்றுக்கும் இடையில் குச்சியைக் குத்தினார். அது கைக்குள் உதறிக் கத்தியது. விரலை விட்டார். முதலில் சிவப்புத் தலைவைத்த ஒரு சட்டைப்பின் தட்டுப்பட்டது. அதோடு இன்னும் ஒரு கொத்து. பிறகு மண்புழு மாதிரி நெளிந்து ஒரு சங்கிலி வந்தது. அதன் நுனியில் தாலி.

பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அது?"

"ஆணி அக்கா."

"ஆணியெண்டால் எறியுங்கோவன்."

அவர் எறியவில்லை. எறிய முடியுமா? பொத்திய கையோடு மண்ணில் முழங்காலிட்டபடி அந்த மனுசியைப் பார்த்தார். மங்கையற்கரசி கதிரையை விட்டு இறங்கி, சேலையை ஒதுக்கிக்கொண்டு அவருக்கு எதிரே குந்தினார். கையை நீட்டினார்.

"பின்னுகளைக் கழற்றி என்னட்டத் தாங்கோ. உந்தப் பாரத்துக்குத்தான் கொளுக்கி விட்டது. தாலியில கொளுவாதை பிள்ளை எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்."

குலசிங்கத்தார் பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"திங்கட்கிழமை இரவே கண்டிட்டன்" என்றார் மங்கையற்கரசி. "கழுத்தைக் கண்டவுடன எனக்கு விளங்கீட்டுது. விடியமுதல் எழும்பி வந்து நானும் இதுக்க தேடினனான். என்ர கண்ணுக்கு ஆம்பிடேல்லை."

"அப்ப ஏன் அக்கா பேசாமல் இருந்தனீங்கள்?"

அவர் யன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "என்ர மனுசன் செத்த வருசம் என்ர தாலிக்கொடி அறுந்து கிணத்துக்க விழுந்தது. அதாலதான் தன்ர பிள்ளை போனவன் எண்டு என்ர மாமி கண் மூடும்வரைக்கும் சொன்னவ. சாப்பாட்டுக் கோப்பையை வைக்கேக்கையும் சொல்லுவா. அந்தச் சொல்லு என்ர வாயால இன்னொருத்திக்கு வரக்கூடாது. அவளுக்கு நான் கண்டது தெரிஞ்சால், நான் சொல்லாட்டிலும் மனசுக்க சொல்லுறன் எண்டுதான் அவளுக்கு இருக்கும். கார்த் திறப்பெண்டே வச்சுக்கொள்ளுங்கோ தம்பி."

குலசிங்கத்தார் கழற்றிய பின்களை அவர் கையில் கொடுத்தார். தாலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணைத் தோள்மூட்டில் துடைத்துவிட்டு எழும்பினார்.

உள்ளே, சலவை மெஷின் இருந்த ஒடுக்கத்தில் வைத்து நிரோவின் உள்ளங்கையில் தாலியை வைத்தார். பிள்ளை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். பேபி அவளைப் பிடித்துக்கொண்டார்.

"மாமி காணேல்லைத்தானே, மாமா?"

"இல்லைப் பிள்ளை."

கொளுக்கியை நூலால் இறுக்கிக் கட்டி, கழுத்தில் போட்டு, முகம் கழுவிக்கொண்டு நிரோ கூடத்துக்கு வந்தபோது கம்பளித் துண்டு கழுத்தில் இல்லை. கஜீவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். எல்லோரும் தேத்தண்ணிக்கு இருந்தார்கள். மங்கையற்கரசி சமையலறையில் இருந்து ஒரு குவளையோடு வந்தார்.

"சளி மாறீட்டுதோ பிள்ளை?"

"ஓம் மாமி. இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை."

"எதுக்கும் இதைக் குடியும்."

குவளையை நீட்டிய கையில் காப்பு ஒன்று கிடந்தது. கையில் ஒரு பின் அகப்பட்டால் எங்கேயாவது கொளுவித்தான் ஆகவேண்டும் எங்கள் பெண்களுக்கு. அவருக்கோ கொளுவக் கழுத்தில் ஒன்றுமில்லை. சிவப்பு, பச்சைத் தலைவைத்த சட்டைப்பின்கள், மண் ஒட்டியபடியே, காப்பில் ஒரு கொத்தாகத் தொங்கின. கொளுவியது அவருக்கே தெரியாது.

நிரோவுக்குத் தெரிந்தது. தன்னுடைய பின்களை அவள் கண்டாள். குலசிங்கத்தார் அவள் கண்டதைக் கண்டார். மேசைக்குக் கீழே அவர் கால் ஆடத் தொடங்கியது. பேபி அவர் முழங்காலில் கையை வைத்து அமர்த்தினார்.

நிரோ குவளையை இரண்டு கையாலும் வாங்கினாள். மாமியாரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கிழமையாக மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியில் வைத்த அந்தக் கைச்சல் கசாயத்தை, வாய் எடுக்காமல், அடிமண்டி வரைக்கும் குடித்து முடித்தாள்.

"நாளைக்கும் அவிச்சுத் தாங்கோ மாமி" என்றாள்.